பெரியாஸ்பத்திரி பக்கம் மத்தியானச் சோறு எங்கே, எத்தனை மணிக்கு?

வைகைக்கரை | திங்கள், காலை 7.40

அம்மாவுக்கு மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்திருக்கிறது. இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இங்கேதான். கூட இருப்பது நான் ஒருவன். காலையும் ராத்திரியும் இட்லியை வைத்து ஓட்டிவிடலாம், மதுரையில் அதற்குப் பஞ்சமில்லை. மத்தியானம்தான் சிக்கல். முதல் நாள் ஓர் ஓட்டலில் 120 ரூபாய் கொடுத்து மீல்ஸ் சாப்பிட்டேன். சோறு விறைத்துக் கிடந்தது. சாம்பார் தித்தித்தது. மோர் என்று ஊற்றியது வெள்ளைத் தண்ணீர். ராத்திரி முழுக்க வயிறு கடமுடா. இப்படியே போனால் பக்கத்துக் கட்டிலில் எனக்கும் ஓர் இடம் கேட்க வேண்டியதுதான்.

தள்ளுவண்டி, மரத்தடி, தகரக் கொட்டகை, எதுவானாலும் சரி. தக்காளி சாதம், தயிர் சாதம், ரசம் சோறு என்று வீட்டில் சாப்பிடுகிற மாதிரி இருந்தால் போதும். அம்மாவுக்கும் ஒரு வாய் கொண்டுபோக வேண்டும். காரம் இல்லாமல் எது வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒருவருக்கு 60, 70 ரூபாய்க்குள். தயவுசெய்து யூடியூப்காரர்கள் போய் வந்த கடைகளைச் சொல்லாதீர்கள்.

யானைக்கல் பையன் | காலை 8.05

அண்ணே, பாலத்தைத் தாண்டினால் சிம்மக்கல், கோனார் கடை கறி தோசை. அழகர்கோவில் ரோட்டில் அம்மா மெஸ், எலும்பு மஜ்ஜை ஆம்லெட். அப்புறம் விளக்குத்தூணில் ஒரு ஜிகர்தண்டா. முடிந்தது கதை.

செல்லூர் டீச்சர் | காலை 8.11

இடுப்பு ஆபரேஷன் ஆன அம்மாவுக்குக் கறி தோசையா? கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் எழுதப்பா.

யானைக்கல் பையன் | காலை 8.13

படித்தேன் டீச்சர். ஊர்ப் பெருமையை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

கீழமாசி கணக்கர் | காலை 9.20

தம்பி, அம்மா சீக்கிரம் எழுந்து நடக்கட்டும். 22 வருஷமாகக் கீழமாசி வீதியில் மொத்தக் கடைக் கணக்கு எழுதுகிறேன். வீடு ஒத்தக்கடை தாண்டி. மத்தியானச் சாப்பாடு அன்றிலிருந்து இன்றுவரை தெருவில்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் தேடுகிற மாதிரிக் கடைக்குப் பெயர் இருக்காது. போர்டு இருக்காது. ரோட்டு வேலை வந்தால் இடமும் மாறிப்போகும். நேரம் மட்டும் மாறாது. எங்கள் லோடுமேன்கள் ‘பதினொன்றரை அக்கா’, ‘ரெண்டு மணித் தாத்தா’ என்றுதான் சொல்வார்கள். பதினொன்றரை அக்கா பன்னிரண்டே முக்காலுக்குச் சட்டியைக் கழுவிவிடுவார். ஒரு மணிக்குப் போய் நின்றால் அங்கே கடை இருந்த அடையாளமே இருக்காது, தண்ணீர் கொட்டிய ஈரம் மட்டும் இருக்கும். நல்ல கடையைத் தேடிப் போய்க் காணாமல் வருகிறவர்களில் பாதிப் பேர் இடத்தைத் தவற விடுவதில்லை, நேரத்தைத்தான் தவற விடுகிறார்கள்.

இன்னொன்று. ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே சாப்பிடாதீர்கள். அங்கே நிற்கிறவர் இன்றைக்கு ஒரு நாள் ஆள், நாளைக்கு வரமாட்டார் என்று விற்கிறவருக்குத் தெரியும். பனகல் ரோட்டைப் பிடித்து அண்ணா பஸ் ஸ்டாண்டு, கலெக்டர் ஆபீஸ் பக்கம் நடங்கள். ஆட்டோக்காரர்களும், ஆபீஸ் உதவியாளர்களும், ஜெராக்ஸ் கடைப் பெண்களும் நிற்கிற வண்டியாகப் பாருங்கள். தினம் வருகிறவர்களை ஒரு நாள் ஏமாற்றினாலும் மறுநாள் முகத்தைப் பார்க்க முடியாது இல்லையா.

வண்டியைக் கண்டுபிடித்தாயிற்று. முதலில் தயிர் சாதம் கேளுங்கள். தக்காளி சாதத்தில் மசாலாவைப் போட்டு எதையும் மறைத்துவிடலாம். தயிர் சாதத்தில் மறைக்க இடமில்லை. எங்கள் பதினொன்றரை அக்கா செய்வதைப் பக்கத்தில் நின்றே பார்த்திருக்கிறேன், அவர் வீடு எங்கள் குடோனுக்குப் பின்சந்தில்தான் இருந்தது. காலை ஒன்பது மணிக்குச் சோற்றைக் குழைய வடித்து, சூடு இருக்கும்போதே மத்தின் அடிப்பக்கத்தால் மசிப்பார். பிறகு காய்ச்சிய பால். கைச்சூட்டுக்கு ஆறிய பிறகு ஒரு சின்னக் கிண்ணம் தயிர், அவ்வளவுதான், அதற்கு மேல் இல்லை. சட்டியை மூடித் துணி சுற்றி வைத்துவிடுவார். பதினொன்றரைக்குத் திறக்கும்போது இறுகியிருக்கும், புளிப்பு அப்போதுதான் எட்டிப் பார்க்கும். அதற்கு மேல் கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டுவார். காலையிலேயே தயிரை அள்ளி ஊற்றிக் கிளறுகிற கடையில் மத்தியானம் அது பல்லைக் கூசும்.

தொட்டுக்கொள்ள என்ன வைக்கிறார்கள் என்றும் பாருங்கள். கடையில் வாங்கிய ஊறுகாய் பாக்கெட்டைக் கிள்ளிப் போட்டால் அதுவும் ஒரு கடை, சரி. கையால் அரைத்த தேங்காய்த் துவையலோ, வறுத்த மோர்மிளகாயோ வைத்தால் அந்தக் கடையை விடாதீர்கள்.

வைகைக்கரை | காலை 9.34

ஐயா, படிக்கும்போதே பசிக்கிறது. இன்றைக்கே கிளம்புகிறேன்.

மேலூரான் | காலை 10.02

கணக்கர் ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் அரிசியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியது முழுக்கப் பாலும் தயிரும்.

கலவை சாதத்துக்கு அரிசி பழசாக இருக்க வேண்டும். அறுத்து ஒரு வருஷமாவது கிடந்த அரிசி தண்ணீரை நன்றாக இழுக்கும், வெந்த பிறகும் பருக்கை பருக்கையாக நிற்கும். புது அரிசி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதில் புளிக்காய்ச்சலைப் போட்டுக் கிளறினால் களிதான் வரும். வண்டிக்காரர்களுக்குப் பழைய அரிசி கட்டுப்படியாகாது, மூட்டைக்கு விலை கூடுதல். அதனால்தான் பாதிக் கடைகளில் எண்ணெயை ஊற்றிச் சமாளிக்கிறார்கள். கரண்டியால் எடுக்கும்போது சோறு உதிராமல் மொத்தையாக விழுந்தால், அதன் மேல் எண்ணெயும் மின்னினால், தயிர் சாதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். அதற்குத்தான் குழைவு வேண்டும்.

எங்கள் ஊர்க்காரன் அரிசிப் பெருமை பேசாமல் போனால் பாவம். 1895ல் பெரியாறு அணை கட்டித் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பினார்கள். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், அதற்கு அப்பால் எங்கள் மேலூர்ப் பக்கம் ஒருபோகம். நீங்கள் மதுரையில் ஓசியில் குறை சொல்லிக்கொண்டு தின்கிற சோற்றில் எங்கள் வயல் சோறும் இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த அணையைக் கட்டிய பென்னிகுயிக் படம் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது, சிரிக்காதீர்கள்.

யானைக்கல் பையன் | காலை 10.06

ஓசியிலா? மேலூர் அண்ணே, என்றைக்கு ஓசியில் போட்டீர்கள், விலாசம் சொல்லுங்கள்.

லேப் அக்கா | காலை 11.15

நான் தனியார் லேப் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பயமுறுத்த வரவில்லை. நானும் தெருவில் சாப்பிடுகிறவள்தான். ஆனால் ஆபரேஷன் ஆனவருக்குக் கொண்டுபோவதால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்.

எல்லாரும் கறியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், சோற்றைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அரிசியிலேயே பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து இருக்கும். கொதித்தாலும் அது சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்து நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. வாந்தி அதிலிருந்துதான், வயிற்றுப்போக்கும் இதே கிருமியால் வரலாம். உங்கள் முதல் நாள் கதையும் அதுவாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம்.

ஆகவே வெள்ளைச் சோறு என்றால் கை சுடுகிற சூட்டில் வாங்குங்கள். புளி சாதத்துக்கு அந்தப் பயம் குறைவு, புளிப்பு அதிகமாக இருக்கும் இடத்தில் இந்தக் கிருமி சரியாக வளராது. வழிப்பயணத்துக்கு நம் பாட்டிகள் புளிச்சோறு கட்டிக்கொடுத்தது சும்மா இல்லை. ஆனால் கணக்கர் ஐயா சொன்ன பால் ஊற்றிய தயிர் சாதம் இருக்கிறதே, அது காலையில் புளித்திருக்காது. அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் கொஞ்சம் கவனம். அவர் சொல்கிற அக்கா தயிர் உறைகிற சூட்டில் மூடி வைக்கிறார், மத்தியானத்துக்குள் விற்றுத் தீர்க்கிறார், அதனால் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. அதையே பார்சல் வாங்கி வார்டில் ஜன்னலோரம் வைத்து, நாலு மணிக்கு அம்மா தூங்கி எழுந்த பிறகு கொடுக்காதீர்கள்.

கீழமாசி கணக்கர் | காலை 11.31

22 வருஷத்தில் எனக்கு ஒரு நாள்கூட வயிறு கெட்டதில்லை அம்மா.

லேப் அக்கா | காலை 11.40

உங்களுக்கு இடுப்பில் தையல் இல்லை ஐயா.

செல்லூர் டீச்சர் | காலை 11.44

அக்கா சொல்வது சரி. சுடச்சுட சோற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிற இடத்திலும் வாங்காதீர்கள். 2019 ஜனவரி 1லிருந்தே தட்டில் விரிக்கிற பிளாஸ்டிக் தாள், கைப்பை எல்லாவற்றுக்கும் தடை. இருந்தாலும் சில வண்டிகளில் இன்னும் விரிக்கிறார்கள். வாழை இலை விலைக்கு அவர்களையும் குறை சொல்ல முடியவில்லை. தூக்குவாளி கையில் இருந்தால் இந்த வம்பே இல்லை.

மகால் வடம்போக்கி | மாலை 5.20

இப்போதுதான் இழையைப் பார்த்தேன். ‘புளி சாதம்’ என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். புளி சாதம் வேறு, புளியோதரை வேறு. புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்க வைத்துச் சோற்றில் கொட்டினால் அது புளி சாதம். மல்லி, மிளகாய், வெந்தயம் வறுத்துப் பொடித்து, நல்லெண்ணெயில் புளிக்காய்ச்சல் சுருள வற்றி எண்ணெய் பிரிகிற வரைக்கும் கிண்டி, ஆறிய சோற்றில் பிசைந்து, மூன்று நான்கு மணி நேரம் ஊற விட்டால்தான் புளியோதரை. எங்கள் சௌராஷ்டிர வீடுகளில் புளியோதரை செய்கிற அன்றைக்குக் குழந்தைகளைச் சமையலறைப் பக்கமே விடமாட்டார்கள். ஊறுவதற்கு முன்னால் பாதி காலியாகிவிடும்.

தம்பிக்கு ஆஸ்பத்திரி பக்கம் வழி சொல்ல எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் கீழவாசல், மகால் பக்கம் வர முடிந்தால் முள்முருங்கை வடை சுட்டுக்கொண்டிருப்பார்கள். நாங்கள் பங்கரபான் என்போம். பச்சை நிறத்தில், தட்டையாக, மேலே பொடி தூவி. சளிக்கு நல்லது. சோறு இல்லைதான், மன்னிக்கவும்.

மேலூரான் | மாலை 5.41

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு மண்டகப்படியில் தொன்னையில் கொடுப்பார்களே, அது எந்த வகை? நான் அதைத்தான் உலகத்திலேயே நல்ல புளியோதரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மகால் வடம்போக்கி | மாலை 5.50

சித்திரை வெயிலில் எட்டு மைல் நடந்து வந்தவனுக்கு எது கொடுத்தாலும் அமிர்தம். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

காஜிமார் தெரு | இரவு 8.10

கஞ்சியை எல்லாரும் மறந்துவிட்டீர்களே. இன்னும் சில நாளில் நோன்பு தொடங்கிவிடும். பச்சரிசிக் குருணை, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கொஞ்சம் கறி, கடைசியில் தேங்காய்ப்பால். சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியோடு வரிசை நிற்கும். நிற்கிறவர்கள் எல்லாரும் நோன்பு வைத்தவர்கள் இல்லை, பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் நிற்பார்கள், யாரும் கேட்கமாட்டார்கள். என் வாப்பா நீங்கள் இருக்கிற இதே ஆஸ்பத்திரியில் ஒரு ரமலான் முழுக்கக் கிடந்தார். அவர் வயிறு ஏற்றுக்கொண்டது அந்தக் கஞ்சி ஒன்றைத்தான். கோரிப்பாளையம் பள்ளிவாசல் உங்களுக்கு நடக்கிற தூரம். அம்மாவுக்குக் கறி ஆகாது என்றால் முன்னாலேயே சொல்லி விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஓய்வூதியர் | இரவு 9.25

அண்ணா பஸ் ஸ்டாண்டு என்று கணக்கர் எழுதியதைப் படித்ததும் ராமு தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பக்கம்தான் அவர் கடை. ஊரெல்லாம் சாப்பாடு அறுபது, எண்பது என்று ஏறிய பிறகும் பத்து ரூபாய்க்குச் சோறு, சாம்பார், ரசம், மோர் என்று போட்டவர். வள்ளலார் வழி வந்தவர். 2020ல் காலமாகிவிட்டார். இளவட்டமாக இருந்தபோது நானும் அவர் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். இரண்டாம் முறை சோறு கேட்கக் கூச்சப்பட்டால், கேட்காமலேயே இலையில் விழும். ருசி எப்படி என்று கேட்டால் எனக்கு நேர்மையாகச் சொல்லத் தெரியாது. அந்தப் பசியில் ருசி பார்த்தது யார்.

பணம் இறுக்கமாக இருக்கிற நாளில் அம்மா உணவகத்தையும் விசாரியுங்கள். 2013 ஜூனில் மதுரைக்கு வந்தபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. பக்கத்தில் எது, எத்தனை மணிக்கு என்று வார்டில் கூட இருக்கிறவர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள். அவர்களுக்குத் தெரிகிற அளவு இந்த இழையில் நம்மில் யாருக்கும் தெரியாது.

யானைக்கல் பையன் | இரவு 9.40

பெரியவர் கண்ணைக் கலங்க வைத்துவிட்டார். கொஞ்சம் மாற்றிப் பேசுவோம். குஸ்காவைப் பற்றி யாருமே பேசவில்லை. நெல்பேட்டைப் பக்கம் பிரியாணி தேக்சாவின் அடியில் மிஞ்சுகிற கறி இல்லாத சோறு, மேலே ஒரு கரண்டி சால்னா. பாதி விலை, முழு வாசம்.

கீழமாசி கணக்கர் | இரவு 9.52

அதற்கும் நேரம் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்குக் குஸ்கா வாங்குகிறவன் ஏமாளி. மேல் சோறு வெளுத்திருக்கும். இரண்டு மணிக்கு மேல் அடிச்சோறு வரும், மசாலா எல்லாம் அங்கேதான் இறங்கிக் கிடக்கும்.

திருமங்கலத்தார் | இரவு 10.15

பிரியாணி என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். எங்கள் பக்கம் வடக்கம்பட்டி முனியாண்டி கோவிலில் பிரியாணிதான் பிரசாதம். தையில் ஒரு திருவிழா, மாசியில் ஒரு திருவிழா. நாடு முழுக்க முனியாண்டி விலாஸ் நடத்துகிறவர்கள் கடையைச் சாத்திவிட்டு ஊருக்கு வந்து, ராத்திரியெல்லாம் அண்டா அண்டாவாக ஆக்கி, விடிகாலையில் கொடுப்பார்கள். 1937ல் சுப்பா நாயுடு காரைக்குடியில் முதல் கடை போட்டதிலிருந்து வந்த நேர்த்தி. குடம், அண்டா, வாளி என்று எடுத்துக்கொண்டு சுற்றுப்பட்டு ஊரே வரும். மசாலா கொஞ்சம்தான் இருக்கும். ஆட்டுக்கறியும் சோறும் நெருப்பும். நான் அதைத் தின்றுவிட்டு மறுநாள் ஓட்டல் பிரியாணி சாப்பிட்டால் சோப்புத்தூள் வாசம் அடிக்கிறது.

செல்லூர் டீச்சர் | இரவு 10.20

இடுப்பு ஆபரேஷன். தயிர் சாதம். ஞாபகம் இருக்கிறதா யாருக்காவது?

வைகைக்கரை | செவ்வாய், மாலை 6.30

நேற்று பன்னிரண்டே முக்காலுக்குப் போனேன். கணக்கர் ஐயா எழுதியது அப்படியே நடந்தது. ஒரு மரத்தடியில் ஈரமும், இரண்டு கறிவேப்பிலையும், ஒரு காக்காயும் இருந்தன. பக்கத்து ஆட்டோக்காரர், “நாளைக்கு வாங்க சார், பன்னெண்டுக்குள்ள” என்றார்.

இன்றைக்குப் பதினொன்று ஐம்பது. எக்ஸெல் வண்டியில் நான்கு எவர்சில்வர் சட்டிகள், ஒரு மடக்கு மேசை. ஐம்பது வயதிருக்கும் அக்கா. முன்னால் எட்டுப் பேர். முதலில் தயிர் சாதம் கேட்டேன், பாடம் தவறாமல். தொட்டுக்கொள்ளக் கறிவேப்பிலைத் துவையல், தேங்காய் இல்லை. இஞ்சி கடித்தது, மிளகாய் கடிக்கவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு லெமன் சாதம் ஒரு கரண்டி வாங்கினேன். கசப்பே இல்லை. கேட்டதற்கு, “அடுப்பை அணைச்சுட்டுத்தான் பழத்தைப் பிழியணும், கொதியில விட்டா கசந்துரும்” என்றார். இரண்டுக்கும் சேர்த்து 55 ரூபாய்.

அம்மாவுக்கு ஒரு தயிர் சாதம் வாங்கிப் பத்து நிமிஷத்தில் வார்டுக்குப் போய்விட்டேன், லேப் அக்காவுக்காக ஓடியே போனேன். அம்மா நாலு வாய் சாப்பிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு முழுசாக நாலு வாய் இதுதான் முதல் தடவை. பிறகு, “உப்பு ஒரு கல்லு கம்மி, யார் செஞ்சது?” என்றார். குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்றால் தேறிவிட்டார்.

மாலை டீ குடிக்கப் போனபோது அந்த அக்கா வீட்டுக்காரர் சட்டி கட்டும் கயிறு வாங்க வந்திருந்தார். உப்புக் கதையைச் சொன்னேன். சிரித்தார். சட்டியில் ரசம் கொண்டு வருவதில்லையாம், கொட்டிவிடும் என்று. காலையில் வீட்டுக்கு வைக்கிற ரசத்தில் எனக்கு ஒரு டம்ளர் தனியாக எடுத்து வைக்கச் சொல்கிறேன் என்றார். ஆனால் பொட்டலத்தில் ரசம் கட்டமாட்டார்களாம், தூக்குவாளி கொண்டுவர வேண்டுமாம். இந்தப் பக்கம் சின்னத் தூக்குவாளி எங்கே கிடைக்கும்?

செல்லூர் டீச்சர் | மாலை 6.44

வாங்காதீர்கள். எங்கள் வீட்டுப் பரணில் மூன்று கிடக்கின்றன. நாளைக் காலை எட்டு மணிக்கு அந்த வழியாகத்தான் ஸ்கூலுக்குப் போகிறேன், வார்டு நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

லேப் அக்கா | மாலை 6.50

கொதிக்கிற தண்ணீர் ஊற்றி ஒரு தடவை கழுவிவிட்டுக் கொடுங்கள் டீச்சர்.

செல்லூர் டீச்சர் | மாலை 6.52

தெரியும் அக்கா. மூடி மட்டும் கொஞ்சம் ஆடும், பரவாயில்லையா தம்பி?